என்சைம் குறைவு என்று தெரிந்துவிட்டதே, ஜீன் பரிசோதனை இன்னும் எதற்கு?

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அம்மாவின் உடன்பிறந்த தம்பியைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அதனால் என் மாமியார் எனக்குச் சொந்தப் பாட்டி. எங்கள் மகளுக்கு இப்போது இரண்டு வயது நான்கு மாதம். முதல் பிறந்தநாள் முடிந்து இரண்டே மாதத்தில் நடந்துவிட்டாள். ‘அம்மா’, ‘தாத்தா’, ‘பால்’, ‘போ’ எல்லாம் சொன்னாள். ஒன்றே முக்கால் வயதில் தடுப்பூசி போட்டோம், காய்ச்சல் வந்தது. அதிலிருந்து அடிக்கடி விழ ஆரம்பித்தாள், நுனிக்காலில் நடந்தாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுகூட நிற்பதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. முதலில் பார்த்த டாக்டர் சத்துக்குறைவு என்றார். இரண்டாவது டாக்டர் காய்ச்சலுக்குப் பிறகு வரும் நரம்பு வாதம் என்று சொல்லி, ஐந்து நாள் விலை உயர்ந்த ஊசி போட்டார். பிறகு மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் வெள்ளைப் பகுதியில் மாற்றம் இருக்கிறது, ‘லுக்கோடிஸ்ட்ரோஃபி’ என்றார்கள். ரத்தத்தில் ‘ஆரில்சல்ஃபடேஸ் ஏ’ என்ற என்சைம் குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இனி சிறுநீர்ப் பரிசோதனையும் ஜீன் பரிசோதனையும் செய்ய வேண்டும், 25 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். மருந்தே இல்லாத நோய்க்கு இன்னும் எதற்குச் செலவு என்று வீட்டில் கேட்கிறார்கள். எங்கள் பரம்பரையில் யாருக்கும் இப்படி வந்ததில்லை, ஊசியால்தான் வந்தது என்கிறார் பாட்டி. நான் இப்போது ஒன்பது வாரக் கர்ப்பிணி. கணவரின் தம்பிக்கும் சொந்தத்தில்தான் பெண் பேசி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிட்டால் பாப்பா திரும்பிப் பார்ப்பதும் இப்போது குறைந்திருக்கிறது. என்னை அவளுக்கு அடையாளம் தெரிகிறதா டாக்டர்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ‘ஒன்பது வாரம்’ என்ற சொல். அதனால்தான் இது அச்சாகும் வரை காத்திராமல், அவசரமானதை அன்றைக்கே உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பினேன். முழுவதையும் இங்கே எழுதக் காரணம், இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப் பரிசோதனை, ஜீன் பரிசோதனை இரண்டும் வேண்டும். பாப்பாவுக்காக வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்காக அதைவிட அவசரமாக வேண்டும். வீட்டில் கேட்கும் கேள்வி நியாயமானது. ஏற்கெனவே மூன்று டாக்டர்கள், ஒரு ஸ்கேன், விலை உயர்ந்த ஊசி என்று கையிருப்பு கரைந்திருக்கும். அதனால் காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன். பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

குழந்தை நடக்கத் தாமதமாகிறது என்று ஒருவர் வந்தால் எங்கள் மனதில் ஒரு பட்டியல் ஓடும். நடந்துகொண்டிருந்த குழந்தை நடையை இழக்கிறது என்று வந்தால் ஓடும் பட்டியலே வேறு. கற்றதை இழப்பது சாதாரணத் தாமதத்தில் நடக்காது. ஆனால் பரபரப்பான வெளிநோயாளிப் பிரிவில் இந்த வித்தியாசம் எளிதில் நழுவிவிடும். ‘நடக்க மாட்டேங்குறா’ என்று அம்மா சொல்வதை ‘இன்னும் நடக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டால் போதும், ஆறு மாதம் போய்விடும். அதனால்தான் நான் வருகிற குடும்பத்திடம் முதலில் போனைக் கேட்பேன். காதுகுத்து, பிறந்தநாள், கோயில் கொடை என்று எப்படியும் வீடியோ இருக்கும், தேதியும் அதிலேயே இருக்கும். பதினைந்து மாதத்தில் எடுத்ததில் குழந்தையின் குதிகால் தரையில் முழுசாகப் பதியும், ஓடிப்போய்த் திரும்பும்போது தடுமாறாது. நான்கைந்து மாதம் கழித்து எடுத்ததில் குதிகால் தரையைத் தொடாது, திரும்பும்போது கை எதையாவது பிடிக்கத் தேடும். அந்த இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். உங்கள் போனில் இருப்பதை எதையும் அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தேதி வரிசைப்படி காட்டுங்கள்.

அடுத்து சுத்தியல். முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் உதைக்க வேண்டும். இந்த நோய் உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் அது மங்கியிருக்கும், அல்லது உதையே இருக்காது. கை கால் நரம்புகள் கெட்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். சரி என்று உள்ளங்காலின் ஓரத்தில் கோடு போட்டால், மடங்க வேண்டிய கட்டைவிரல் மேல்நோக்கி எழும். இது மூளையிலிருந்து இறங்கும் பாதை கெட்டிருப்பதைக் காட்டும். கீழே ஒரு கோளாறு, மேலே ஒரு கோளாறு. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தால், ஒரு காய்ச்சலின் மேலோ வெறும் சத்துக்குறைவின் மேலோ பழியைப் போட்டுவிட முடியாது.

இருந்தாலும், நரம்பு வாதம் என்று ஊசி போட்ட டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன். பணிக்கு வந்த புதிதில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். காய்ச்சலுக்குப் பிறகு கால் துவண்டிருந்தது, முழங்கால் உதை இல்லை, முதுகுத் தண்ணீரில் புரதம் கூடுதல். எல்லாம் அந்த நரம்பு வாதத்துக்கு அப்படியே பொருந்தின. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற விலை உயர்ந்த ஊசி போட்டேன். அவனுடைய அப்பா ஆட்டோவை அடகு வைத்துப் பணம் கட்டினார். மூன்று மாதம் கழித்து வந்தபோது பையன் உட்காரவும் இல்லை. நான் அன்றைக்கு உள்ளங்காலில் கோடு போட்டுப் பார்க்கவே இல்லை. இந்த நோயிலும் முதுகுத் தண்ணீரில் புரதம் கூடும். நடையும் முதலில் கை கால் நரம்பில்தான் கெடும். அதனால் ஆரம்பத்தில் எடுத்த மூளைப் படம் சுத்தமாக இருந்து நம்மை ஏமாற்றவும் செய்யும். அந்த ஆட்டோவை இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு குழந்தையைக்கூட உள்ளங்காலைப் பார்க்காமல் அனுப்பியதில்லை.

பாப்பாவுக்கு இருப்பதாக டாக்டர்கள் சந்தேகிக்கும் நோயின் முழுப்பெயர் மெட்டாகுரோமேடிக் லுக்கோடிஸ்ட்ரோஃபி. சுருக்கமாக எம்.எல்.டி. என்போம். நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. அந்த உறையில் சல்ஃபடைடு என்ற கொழுப்பு உண்டு. பழைய சல்ஃபடைடைச் செல்லுக்குள் உடைத்துக் கழிப்பதுதான் ஆரில்சல்ஃபடேஸ் ஏ என்ற என்சைமின் வேலை. தூர்வாரும் ஆள் வராத வாய்க்கால் என்ன ஆகும்? மண் ஏறும், மேடு தட்டும், கடைசியில் தண்ணீரே வராது. அதுபோல அந்தக் கொழுப்பு தேங்கித் தேங்கி உறையையே அழித்துவிடுகிறது. பாதித்த திசுவில் ஊதா நிறச் சாயம் ஏற்றினால், கொழுப்பு தேங்கிய இடம் மட்டும் பழுப்பாக நிறம் மாறித் தெரியும். ‘நிறம் மாறுவது’ என்ற பொருளில்தான் மெட்டாகுரோமேடிக் என்று பெயர் வந்தது. குழந்தைகளுக்கு வரும் வகையை 1933-ல் கிரீன்ஃபீல்டு விவரித்தார். எந்த என்சைம் குறைகிறது என்று கண்டுபிடிக்க 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டரை வயதுக்குள் தொடங்குவதுதான் வேகமான வகை. பாப்பாவின் வயது அதில்தான் வருகிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். என்சைம் குறைவு என்று வந்துவிட்டதே, அது போதாதா?

போதாது. மனிதர்களில் சிலருக்கு இந்த என்சைம் பிறவியிலேயே மிகக் குறைவாக இருக்கும். சராசரியில் நூற்றுக்கு ஐந்திலிருந்து இருபது பங்குதான் வேலை செய்யும். ஆனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நடப்பார்கள், படிப்பார்கள், தொண்ணூறு வயது வரை இருப்பார்கள். அந்தக் கொஞ்சமே உடம்புக்குப் போதுமானதாக இருக்கிறது. இதைப் போலிக் குறைபாடு என்கிறோம். ஐரோப்பியக் கணக்குகளில் நூற்றுக்கு ஒருவர் இருவரிடம் இது இருக்கிறது. எம்.எல்.டி.யோ, நாற்பதாயிரம் அல்லது அதற்கும் கூடுதலான பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் அரிய நோய். என்சைம் குறைந்த நூறு பேரைத் தெருவிலிருந்து அழைத்துவந்து நிறுத்தினால், ஏறக்குறைய அத்தனை பேரும் ஆரோக்கியமானவர்களாகத்தான் இருப்பார்கள்.

ரிப்போர்ட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும்? வேறு நோயால் நடையை இழந்த குழந்தைக்குத் தற்செயலாக இந்தப் போலிக் குறைபாடும் இருந்துவிட்டால், உண்மையான நோயைத் தேடுவதையே நாம் நிறுத்திவிடுவோம். சிறுநீரில் சல்ஃபடைடு பார்க்கச் சொல்வது இதனால்தான். உண்மையான எம்.எல்.டி.யில் அது சிறுநீரில் வழிந்து வரும், போலிக் குறைபாட்டில் வராது. விலை குறைந்த எளிய பரிசோதனை. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆதங்கம்.

ரிப்போர்ட்டில் இன்னொன்றும் பாருங்கள். ஆரில்சல்ஃபடேஸ் ஏ-க்குப் பக்கத்தில் வேறொரு சல்ஃபடேஸ் என்சைமின் அளவும் இருக்கிறதா? இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். எல்லா சல்ஃபடேஸும் சேர்ந்து குறையும் வேறு நோய் ஒன்று உண்டு. அதில் தோல் மீன் செதில்போல உலர்ந்திருப்பதும் உண்டு. அப்புறம், ரத்தம் எடுத்து எத்தனை நாளில் லேபுக்குப் போனது என்றும் விசாரியுங்கள். வெள்ளணுக்களில் பார்க்கும் பரிசோதனை இது. வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தம் கூரியர் அலுவலகத்தில் சனி, ஞாயிறு முழுக்கக் கிடந்தால், நல்ல என்சைமும் குறைந்துதான் காட்டும். நாங்கள் இந்த மாதிரிகளைத் திங்கள் அல்லது செவ்வாய்தான் எடுப்போம்.

சிகிச்சை உள்ள சிலவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்: பி12 அளவு, தைராய்டு, பயோட்டினிடேஸ் (பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பு மறுபடி பயன்படுத்த உதவும் என்சைம்). இவற்றால் குழந்தை பின்னடைந்தால் மருந்து கொடுத்து மீட்டுவிடலாம். உங்கள் மகளின் எம்.ஆர்.ஐ. வேறு கதை சொல்கிறது என்றாலும், கையில் மருந்து இருக்கும் ஒன்றைப் பார்க்காமல் விடக் கூடாது என்பது என் கொள்கை.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு என்ன தோன்றுகிறது? நடந்து பிறகு நடையை இழந்தது, மூளையின் வெள்ளைப் பகுதியில் மாற்றம், என்சைம் குறைவு. மூன்றும் ஒரே திசையில் நிற்கின்றன. பாப்பாவுக்கு இருப்பது எம்.எல்.டி.யாகத்தான் இருக்கும் என்றே நினைக்கிறேன். உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ‘இருக்கும்’ என்பதை வைத்துக்கொண்டு வயிற்றில் உள்ள குழந்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஜீன் என்பது எழுத்து எழுத்தாக எழுதிய ஒரு குறிப்பு போன்றது; அதில் எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும்.

உங்கள் குடும்ப அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த என்சைமுக்கான ஜீன் 22-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதிகள், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதாக இருந்தால் ஒன்றும் தெரியாது, ஆயுசு முழுக்கத் தெரியாது. இரண்டும் பழுதானால்தான் நோய். உங்கள் பாட்டி, தாத்தா இருவரில் ஒருவரிடம் பழுதான பிரதி ஒன்று இருந்திருக்கலாம். அது மகனுக்குப் போனது, அவர்தான் உங்கள் கணவர். அதே பிரதி மகளுக்கும் போனது, அவர் உங்கள் அம்மா. அங்கிருந்து உங்களுக்கு வந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு தெரு வழியாகப் பிரிந்து போனது பாப்பாவிடம் வந்து மறுபடி சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். ‘பரம்பரையில் யாருக்கும் இல்லை’ என்று பாட்டி சொல்வதும் உண்மைதான். பழுதான ஒரு பிரதி தலைமுறை தலைமுறையாக ஒளிந்தே வரும்.

இதை வைத்து யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. நம் ஒவ்வொருவரிடமும் இப்படிப் பழுதான ஜீன்கள் சில இருக்கின்றன, எழுதுகிற என்னிடமும் இருக்கும். அந்நியத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கும் இந்த நோய் வருகிறது. நெருங்கிய சொந்தத்தில் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். பாட்டியிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். ‘நம்மால்தான் பேத்திக்கு வந்ததோ’ என்ற எண்ணம் அந்த வயதில் ஆளைச் சாய்த்துவிடும்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசியால் இது வரவில்லை. நோய் கருவிலேயே இருக்கிறது, வெளியே தெரியும் வயது ஒன்றரையிலிருந்து இரண்டு. தடுப்பூசி போடும் வயதும் அதுதான். எந்தக் காய்ச்சல் வந்தாலும், ஏற்கெனவே தள்ளாடும் நரம்பு அந்த நாட்களில் கூடுதலாகத் தள்ளாடும், அதனால் முதன்முதலில் நம் கண்ணில் படும். மீதித் தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள். நெஞ்சுச்சளி பாப்பாவுக்குத் தாங்காது.

இப்போது நாள் கணக்கு. இந்தக் கர்ப்பத்திலும், இனி வரும் எந்தக் கர்ப்பத்திலும், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூன்று பங்கு நல்லபடி என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வாரத்துக்குள் நச்சுக்கொடியிலிருந்து துளியளவு திசு எடுத்துப் பார்க்கலாம். அது தவறினால் பதினாறு வாரத்துக்குப் பிறகு பனிக்குடத் தண்ணீரில் பார்க்கலாம். ஆனால் அந்தத் திசுவில் எந்த எழுத்தைத் தேடுவது என்று லேபுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லப்போவது பாப்பாவின் ஜீன் ரிப்போர்ட். அது வர மூன்று, நான்கு வாரம் பிடிக்கும், சில நேரம் கூடவும் ஆகும். ஒன்பதையும் நான்கையும் கூட்டிப் பாருங்கள், ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று புரியும். மாதிரி கொடுக்கும்போது ‘அம்மா கர்ப்பமாக இருக்கிறார்’ என்று விண்ணப்பத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், லேபுகள் அதை முன்னால் எடுத்துக்கொள்ளும். உங்கள் ரத்தமும் கணவர் ரத்தமும் கூடவே போகட்டும்.

கருவில் என்சைமை மட்டும் அளந்து பார்த்தால் போதாதா என்று யாராவது கேட்கலாம். உங்கள் குடும்பத்தில் போலிக் குறைபாடும் ஓடிக்கொண்டிருந்தால், நல்ல குழந்தையின் என்சைமும் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஒரு முடிவெடுத்துவிட்டால், பிறகு அதைத் திருத்தவே முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே 25 ஆயிரத்தைச் செலவழிக்கலாம் என்பேன்.

ஜீன் ரிப்போர்ட்டில் சில சமயம் ‘இந்த மாற்றத்தின் பொருள் உறுதியாகவில்லை’ என்று எழுதி வரும். பயந்துவிடாதீர்கள், நோய் உறுதி என்று நினைத்தும்விடாதீர்கள். அப்போதும் சிறுநீர் சல்ஃபடைடுதான் கைகொடுக்கும்.

கருவில் செய்யும் இந்தப் பரிசோதனை சட்டப்படி பதிவுபெற்ற மையத்தில் மட்டும்தான் நடக்கும். ஆணா பெண்ணா என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் மாட்டார்கள். கருவில் நோய் இருப்பதாக வந்தால் என்ன செய்வது என்பது முழுக்க நீங்களும் உங்கள் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தில், கருவில் கடுமையான குறைபாடு உறுதியானால் 24 வாரம் கடந்தும் மருத்துவக் குழுவின் அனுமதியோடு கர்ப்பத்தை நிறுத்த வழி இருக்கிறது. தொடர்வதும் உங்கள் உரிமை. மாமியார், சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் யாரும் இதில் வாக்குப்போட வேண்டாம். முடிவெடுக்கும் முன் ஒரு மரபணு ஆலோசகரோடு நீங்கள் இருவரும் தனியாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மரபணு மருத்துவத்துக்கென்றே துறை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பு நோய்களுக்கான பெரிய இடம். 2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி சிறப்பு மையங்களும் இருக்கின்றன, ஹைதராபாத், திருவனந்தபுரம், பெங்களூரு ஆகியவை நமக்குப் பக்கம். அந்தக் கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்கு, பதிவுசெய்த நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. ஆனால் பெயர் உறுதியாகாத நோய்க்கு எந்தக் கதவும் திறக்காது.

‘மருந்தே இல்லை’ என்று உங்களிடம் சொன்னதில் பாதிதான் உண்மை. இத்தாலியின் மிலான் நகரில் உருவான ஜீன் சிகிச்சை ஒன்று இருக்கிறது. குழந்தையின் சொந்த ரத்த மூலச் செல்களை எடுத்து, நல்ல ஜீனை ஏற்றித் திருப்பிச் செலுத்துகிறார்கள். 2020 டிசம்பரில் ஐரோப்பாவும் 2024 மார்ச்சில் அமெரிக்காவும் அதற்கு அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் விலை 42.5 லட்சம் டாலர். நம் நாட்டில் அது வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. பணத்தைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. பாப்பாவின் வகையில், அறிகுறி தெரியும் முன்பே கொடுத்தால்தான் பலன். நடை போன பிறகு கொடுத்தால் போனது திரும்புவதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் இந்தக் கட்டத்தில் உதவாது. இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் இல்லாத நம்பிக்கையைக் காட்டினால், அதைத் துரத்திக்கொண்டு நீங்கள் வீட்டையே விற்றுவிடுவீர்கள்.

அப்படித் துரத்த வைப்பவர்களும் இருக்கிறார்கள். ‘ஸ்டெம் செல் ஊசி, ஆறு தவணை, லட்சம் ரூபாய்’ என்று யாராவது போனில் கூப்பிட்டால் துண்டித்துவிடுங்கள். முதுகில் போடும் அந்த ஊசிக்கும் நான் மேலே சொன்ன ஜீன் சிகிச்சைக்கும் சம்பந்தமே இல்லை.

இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவை வழியாக அந்த ஜீன் சிகிச்சையை முதலில் பெற்றது ஒரு பெண் குழந்தை; 2023-ல் செய்தி வெளியானபோது அவளுக்கு ஒன்றரை வயது. சிகிச்சைக்கு முன் அவளிடம் எந்த அறிகுறியும் இல்லை. அவளுடைய அக்காவுக்கு எம்.எல்.டி. என்று உறுதியானதால்தான் தங்கைக்கும் பார்த்தார்கள். அக்காவுக்குக் காலம் கடந்திருந்தது. ‘பாப்பாவுக்குப் பயனில்லாத பரிசோதனை’ என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் கொழுந்தனாரின் கல்யாணப் பேச்சுக்கும் பாப்பாவின் ரிப்போர்ட் உதவும். குடும்பத்தில் எந்த எழுத்து என்று தெரிந்துவிட்டால், மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் தங்களிடம் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நிச்சயத்துக்கு முன்பே பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

பாப்பாவுக்கு இன்றைக்குச் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. கால் இறுகுவதற்கு பாக்லோஃபென் என்ற மருந்து உண்டு, அளவை டாக்டர் மெதுவாகக் கூட்டுவார். கணுக்கால் மடங்கிப்போகாமல் இருக்கப் பட்டை போடலாம். ராத்திரியில் காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால், பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அது வலியாக இருக்கும். இறுக்கத்தால் இருக்கலாம், மலச்சிக்கலால் இருக்கலாம். பித்தப்பையையும் ஒரு ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். சல்ஃபடைடு அங்கேயும் தேங்கும், வலிக்கும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பால் குடிக்கும்போது இருமினாலோ புரையேறினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். படுக்க வைத்துப் புகட்டாதீர்கள், மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கெட்டியாகக் கொடுங்கள். பின்னாளில் வயிற்றில் நேராகக் குழாய் வைக்கலாம் என்று சொல்வார்கள். அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். சாப்பாட்டு நேரம் போராட்டமாக இல்லாமல், நீங்கள் அவளோடு இருக்கும் நேரமாக மாறும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது. உங்களை அவளுக்கு அடையாளம் தெரிகிறதா?

தெரியும் என்றுதான் நம்புகிறேன். அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த நோயில் நடையும் பேச்சும் முன்னால் போகின்றன. குரலையும் தொடுதலையும் வாசனையையும் உணர்வது அதற்குப் பிறகும் வெகுநாள் இருக்கிறது. வார்டில் கண்ணை மூடிக் கிடக்கும் குழந்தை, அம்மா வாசலில் நர்ஸோடு பேசும் குரல் கேட்டதும் மூச்சு சீராகிக் கை தளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூப்பிட்டால் திரும்பாததற்குக் கழுத்தைத் திருப்பும் பலம் இல்லாதது காரணமாக இருக்கலாம், காதில் சளி அடைத்திருக்கலாம், பார்வை மங்கியிருக்கலாம். காதுக்கு ‘பெரா’ பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். காதுச் சளி என்றால் மருந்தே போதும். அதுவரை தூரத்திலிருந்து கூப்பிடாதீர்கள். பக்கத்தில் போய், முகத்துக்கு நேராக, ஒரு கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நீங்கள் பேசி முடித்த பிறகு அவள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். இமை அசைவதோ விரல் இறுகுவதோ அந்தப் பதிலாக இருக்கும், வர அரை நிமிடம்கூட ஆகலாம். அப்படி வருவதை ஒருநாள் போனில் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.